குறைகடத்தி இ.டி.எஃப் முதலீடு

குறைகடத்தி இ.டி.எஃப் என்பது சிப் எனப்படும் மின்னணுச் சில்லுகளை வடிவமைக்கும், உற்பத்தி செய்யும், அவற்றுக்கான இயந்திரங்களைச் செய்து தரும் நிறுவனங்களின் பங்குகளை மட்டும் ஒரு தொகுப்பாக வைத்திருக்கும் நிதியாகும். இதன் யூனிட்டுகளைப் பங்குச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் பங்கைப் போலவே வாங்கலாம், விற்கலாம். செயற்கை நுண்ணறிவு பற்றிய செய்திகள் பெருகியபின் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் இந்நிதிகளைப் பற்றி விசாரிப்போர் உள்ளனர். கடலூர், சிதம்பரம், நெய்வேலி போன்ற ஊர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பல்கலைக்கழக ஊழியர்கள், பொதுத்துறைப் பணியாளர்கள் கணிசமாக வாழ்கின்றனர். பணிக்கொடையும் வைப்புநிதியும் ஒரே நாளில் பெருந்தொகையாகக் கைக்கு வரும் இவர்களுக்கு இந்த விசாரணை வெறும் ஆர்வம் சார்ந்ததன்று. இக்கட்டுரை அத்தகைய தொடக்கநிலை முதலீட்டாளர் அறிந்திருக்க வேண்டியவற்றை விளக்குகிறது.

பெயர் விளக்கம்

மின்சாரத்தை நன்கு கடத்தும் செம்பு போன்றவை கடத்திகள். கடத்தாத கண்ணாடி போன்றவை காப்பான்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட சிலிக்கான் போன்றவை குறைகடத்திகள். பள்ளி இயற்பியலில் வரும் இப்பாடமே இன்று ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. கைப்பேசி, மகிழுந்து, ஸ்மார்ட் மின் மீட்டர், மருத்துவமனைக் கருவி என எதைத் திறந்தாலும் உள்ளே சிப் இருக்கும்.

இ.டி.எஃப் என்பதைத் தமிழில் பரிமாற்ற வர்த்தக நிதி என்பர். பேச்சு வழக்கிலும் நாளிதழ்களிலும் இ.டி.எஃப் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. இந்தியாவின் முதல் இ.டி.எஃப் பெஞ்ச்மார்க் நிறுவனத்தின் நிஃப்டி பீஸ். அது 2001 இறுதியில் தொடங்கப்பட்டு, 2002 ஜனவரியில் சந்தைக்கு வந்தது. பரஸ்பர நிதியில் நாள் முடிவில் கணக்கிடப்படும் ஒரே விலைக்கு யூனிட் கிடைக்கும். இ.டி.எஃப் விலையோ சந்தை நேரமான காலை 9.15 முதல் மாலை 3.30 வரை மாறிக்கொண்டே இருக்கும். வாங்குவதற்கு டீமேட் கணக்கு தேவை.

நிதிக்குள் இருப்பவை

சிப் தொழில் ஒரே வகையான நிறுவனங்களால் ஆனது அன்று. என்விடியா, ஏ.எம்.டி, குவால்காம், பிராட்காம் போன்றவை பெரும்பாலும் வடிவமைப்போடு நின்றுவிடும். அவற்றுக்குச் சொந்தத்தில் பெரிய சிப் ஆலை இல்லை. அவர்கள் வரைந்து கொடுப்பதைச் செய்து தருவது தைவானில் 1987-இல் தொடங்கப்பட்ட டி.எஸ்.எம்.சி போன்ற வார்ப்பு ஆலைகள். மைக்ரான், சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ் ஆகியவை நினைவக சிப்களில் முன்னணியில் உள்ளன. இந்த ஆலைகளுக்குத் தேவையான இயந்திரங்களை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல், அமெரிக்காவின் அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச் போன்றவை செய்கின்றன.

இவற்றை ஒரு கூடையில் இட்டுத் தருவதே குறைகடத்தி இ.டி.எஃப். அமெரிக்கச் சந்தையில் நன்கு அறியப்பட்டவை இரண்டு. ஐஷேர்ஸ் நிறுவனத்தின் நிதி 2001 ஜூலையில் தொடங்கியது. சுமார் 30 நிறுவனங்களைக் கொண்டது. வான்எக் நிறுவனத்தின் நிதி இன்றைய வடிவில் 2011 டிசம்பரில் தொடங்கியது. சுமார் 25 நிறுவனங்களைக் கொண்டது. இரண்டின் ஆண்டுச் செலவு விகிதமும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு. அதாவது ஒரு இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்குச் சுமார் 350 ரூபாய். இது யூனிட் மதிப்பிலேயே கழிக்கப்பட்டுவிடும். தனியே பில் வராது.

எண்ணிக்கையில் 25 என்பதால் பணம் 25 சம பங்குகளாகப் பிரிகிறது என்று எண்ணக்கூடாது. வான்எக் நிதியில் என்விடியா ஒன்றே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்த காலம் உண்டு. முதல் பத்து நிறுவனங்கள் நிதியின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. நிதியின் தகவல் தாளில் ஒவ்வொரு நிறுவனத்தின் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குமுன் படிக்க வேண்டிய முதல் பக்கம் அதுதான். சென்ற ஆண்டு எவ்வளவு ஏறியது என்ற பட்டியலை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

பல நிறுவனம், ஒரே தொழில்

"பணத்தைப் பல இடத்தில் பிரித்துப் போடு" என்ற அறிவுரையைக் கேட்டுப் பழகியவர், இ.டி.எஃப் என்றாலே பிரித்துப் போட்டதாகத்தான் பொருள் என்று நினைப்பது இயல்பு. குறைகடத்தி நிதியில் இந்த எண்ணம் பாதிதான் சரி. ஏன் என்பதைக் கடலூர் மாவட்டத்தாருக்கு 2011-ஆம் ஆண்டைக் கொண்டே விளக்கலாம்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் பெருமளவில் வேரோடு சாய்ந்தன. அங்கே தோப்பு வைத்திருந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். நல்ல மண், சுமாரான மண், கவனமாகப் பராமரித்த தோப்பு, கவனிக்காத தோப்பு என எல்லாம் இருந்தன. ஒரு தோப்பில் பூச்சி விழுந்தால் அடுத்த தோப்பு காப்பாற்றியிருக்கும். காற்று அப்படிப் பார்த்து வீசவில்லை. ஐம்பது தோப்பில் பங்கு வைத்திருந்தவரும் ஒரு தோப்பு வைத்திருந்தவரும் அன்று ஒரே நிலையில்தான் நின்றனர். முந்திரியோடு வேறு ஊரில் நெல் நிலமோ, அஞ்சலகச் சேமிப்போ வைத்திருந்தவர் மட்டுமே தப்பித்தார் எனலாம். (வான்எக் நிதி இன்றைய வடிவில் தொடங்கிய பத்து நாளில் இந்தப் புயல் வந்தது என்பது தற்செயல்.)

குறைகடத்தி இ.டி.எஃப் ஒரு நிறுவனத்தின் தோல்வியிலிருந்து காக்கும். ஒரு நிறுவனத்தின் புதிய சிப் சொதப்பினால், அந்த வாடிக்கையாளர் போய்ச் சேரும் போட்டி நிறுவனமும் பெரும்பாலும் அதே கூடையில் இருக்கும். ஆனால் தொழில் முழுவதையும் அடிக்கும் காற்றிலிருந்து அது காக்காது.

அக்காற்று எவ்வளவு பலமானது என்பதற்குப் பழைய பதிவுகள் உள்ளன. பிலடெல்பியா குறைகடத்திக் குறியீடு 1993 முதல் கணக்கிடப்படுகிறது. அமெரிக்கச் சந்தையில் உள்ள 30 சிப் நிறுவனங்களைக் கொண்டது. 2000 மார்ச்சில் உச்சத்தில் இருந்த இது, 2002 அக்டோபருக்குள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மதிப்பை இழந்தது. 100 ரூபாய் 20 ரூபாயானால் பழைய நிலைக்கு வர ஐந்து மடங்காக வேண்டும். அந்த உச்சத்தைக் குறியீடு தாண்ட 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 58 வயதில் ஓய்வுபெற்று, உச்சத்தில் முழுப் பணத்தையும் போட்டவருக்கு அசல் திரும்பும்போது வயது 76. இடையில் 2008-இல் குறியீடு ஏறத்தாழப் பாதியானது. 2022-இல் சுமார் 36 விழுக்காடு விழுந்தது. அடுத்த ஆண்டே 60 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. 2025 ஜனவரி 27 அன்று சீனாவின் டீப்சீக் செய்தியால் என்விடியா ஒரே நாளில் 17 விழுக்காடு சரிந்தபோது, முழுக் குறியீடும் சுமார் 9 விழுக்காடு இறங்கியது. கூடை தாங்கியது உண்மை. ஆனாலும் ஒரே நாளில் 9 விழுக்காடு என்பது வைப்புநிதி வட்டியில் ஓராண்டு வருமானத்தைவிட அதிகம்.

ஏற்ற இறக்கத்துக்குக் காரணம்

சிப் தேவை எப்போதும் வளர்கிறதே, விலை ஏன் விழ வேண்டும் என்ற கேள்வி எழும். விடை வேளாண்மையில் இருப்பதைப் போன்றதே. சென்ற பட்டத்தில் கத்தரிக்காய்க்கு நல்ல விலை கிடைத்தது என்று ஊரே கத்தரி வைத்தால், அறுவடையில் கூடை விலை போகாது. சிப் ஆலை கட்டப் பல நூறு கோடி டாலரும் இரண்டு மூன்று ஆண்டுகளும் ஆகும். தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லாரும் ஆலை தொடங்குவர். அவை உற்பத்திக்கு வரும்போது சரக்கு மிகுந்துவிடும். குறிப்பாக நினைவக சிப்கள் ஒரு நிறுவனத்துடையதற்கும் மற்றொன்றுடையதற்கும் பெரிய வேறுபாடு இல்லாதவை என்பதால் அவற்றின் விலை நெல் விலை போலவே ஆடும்.

இதனுடன் அரசியலும் சேர்கிறது. உயர்திறன் சிப்களைச் சீனாவுக்கு விற்பதற்கு அமெரிக்கா 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது. மிக நுண்ணிய சிப்களின் உற்பத்தி பெருமளவு தைவானிலேயே குவிந்துள்ளது. அத்தீவு நிலநடுக்கப் பகுதியும் ஆகும். 2024 ஏப்ரல் 3 நிலநடுக்கத்தின்போது டி.எஸ்.எம்.சி தன் ஆலைகள் சிலவற்றிலிருந்து ஊழியர்களை வெளியேற்ற நேர்ந்தது.

இந்தியாவிலிருந்து வாங்கும் வழிகள்

முதல் வழி, இந்தியச் சந்தையில் பட்டியலிடப்பட்ட வெளிநாட்டுக் குறியீட்டு இ.டி.எஃப்களை ரூபாயிலேயே வாங்குவது. 2011 முதல் உள்ள மோதிலால் ஓஸ்வால் நாஸ்டாக் 100 நிதி, 2021-இல் வந்த மிரே அசெட்டின் ஃபாங் பிளஸ் நிதி போன்றவை எடுத்துக்காட்டுகள். இவை குறைகடத்திக்கு மட்டும் உரியவை அல்ல. எனினும் என்விடியா, பிராட்காம் ஆகியவை இவற்றின் குறியீடுகளில் கனமாகவே உள்ளன. ஏற்கெனவே நாஸ்டாக் நிதி வைத்திருப்பவர் தனியே குறைகடத்தி நிதியும் வாங்கினால், அதே பங்குகளை இரண்டாம் முறை வாங்குகிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இவ்வழியில் ஒரு பொறி உள்ளது. இந்தியப் பரஸ்பர நிதிகள் வெளிநாட்டில் முதலிடத் தொழில்துறை முழுமைக்கும் சேர்த்து ஒரு வரம்பு உண்டு, வெளிநாட்டு இ.டி.எஃப்களில் முதலிட 100 கோடி டாலர் என்ற தனி வரம்பும் உண்டு. வரம்பை எட்டியதால் 2022 பிப்ரவரியிலும் 2024 ஏப்ரலிலும் புதிய பணம் ஏற்பது தடைபட்டது. இயல்பாக, ஒரு யூனிட்டுக்குத் தேவை கூடினால் நிதி நிறுவனம் புதிய யூனிட்டுகளை உருவாக்கிச் சந்தையில் விடும். விலையும் உள்மதிப்பும் ஒட்டியே இருக்கும். புதிதாக உருவாக்க முடியாதபோது, இருக்கும் யூனிட்டுகளுக்கே போட்டி ஏற்பட்டு விலை மேலே போகும். இந்நிதிகள் சில உள்மதிப்பைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் விலையில் விற்ற நாள்கள் உண்டு. உள்ளே 100 ரூபாய்ச் சரக்கு இருக்கும் யூனிட்டை 115 ரூபாய்க்கு வாங்கியவர், சிப் பங்குகள் அசையாமல் நின்றாலும், கட்டுப்பாடு தளர்ந்த அன்று 15 ரூபாயை இழப்பார். ஐ-நாவ் எனப்படும் அந்நேர உள்மதிப்பு நிதி நிறுவனத்தின் இணையத்தளத்தில் வெளியாகும். அதைப் பார்க்காமல் ஆர்டர் போடுவது, தராசைப் பார்க்காமல் மீன் வாங்குவதற்கு ஒப்பாகும். சந்தை விலை ஆர்டரைத் தவிர்த்து, தாம் தர விரும்பும் விலையைக் குறிக்கும் லிமிட் ஆர்டர் இடுவதே நல்லது.

இரண்டாம் வழி, ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம். இதன்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை இலட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டுச் சந்தைச் சேவை தரும் தரகரிடம் கணக்குத் தொடங்கி, வங்கியில் ஏ2 படிவம் தந்து பணம் அனுப்பியபின் அமெரிக்காவில் உள்ள குறைகடத்தி இ.டி.எஃப்பையே நேரடியாக வாங்க முடியும். இங்கே கூடுதல் விலைச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆனால் வங்கிக் கட்டணமும் டாலர் மாற்று விலையில் உள்ள வித்தியாசமும் உண்டு. மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் என அனுப்புவோருக்கு இச்செலவு நிதியின் செலவு விகிதத்தைவிடப் பல மடங்காகிவிடும். ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்கென அனுப்பினால், மிகுதித் தொகைக்கு 20 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். இந்த 10 இலட்ச வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இது கூடுதல் வரியன்று. வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யலாம், திரும்பப் பெறலாம். ஆயினும் அதுவரை பணம் முடங்கும்.

ரூபாய் மதிப்பு

வெளிநாட்டு நிதியின் வருமானத்தில் டாலர் விலையும் கலந்திருக்கும். 2022-இல் குறியீடு டாலரில் சுமார் 36 விழுக்காடு இழந்தது. அதே ஆண்டில் டாலர் சுமார் 74 ரூபாயிலிருந்து 83 ரூபாயை நெருங்கியதால், இந்திய முதலீட்டாளரின் இழப்பு ரூபாயில் 30 விழுக்காட்டுக்குள் நின்றது. இது பல ஆண்டுகளாக இந்தியருக்குத் துணைபோன காற்று. என்றாலும் அதைக் கணக்கில் உறுதியாகச் சேர்த்துக்கொள்வது கூடாது.

வரியும் படிவமும்

அமெரிக்க இ.டி.எஃப்பை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் இலாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. அதற்குள் விற்றால் அவரவர் வருமான அடுக்குப்படி வரி. ஈவுத்தொகையில் அமெரிக்கா 25 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். அதை இந்தியக் கணக்கில் வரவாகக் காட்டலாம்.

ஓய்வூதியர் பலர் கவனிக்காதது படிவம். வெளிநாட்டுச் சொத்து ஒரு யூனிட் இருந்தாலும் எளிய ஐ.டி.ஆர்-1 சகஜ் படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஐ.டி.ஆர்-2 போன்ற படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அந்த அட்டவணை நிதியாண்டுக்கன்றி ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு உரியது. மறைத்தால் கருப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் வரக்கூடும். 2024 அக்டோபர் முதல், மொத்த மதிப்பு 20 இலட்சத்துக்கு உட்பட்ட அசையாச் சொத்து அல்லாதவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. விலக்கு அபராதத்துக்குத்தான், தெரிவிக்கும் கடமைக்கு அன்று. இந்தியச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிதிகளுக்கு இந்த அட்டவணை வேண்டியதில்லை.

அமெரிக்காவில் எஸ்டேட் வரி என ஒன்று உண்டு. அந்நாட்டுக் குடிமகனோ அங்கு வசிப்பவரோ அல்லாத ஒருவர் இறக்கும்போது அவருடைய அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், மிகுதிக்கு 40 விழுக்காடு வரை வரி விதிக்கப்படலாம். வாரிசுகளுக்குக் கணக்கு இருப்பதே தெரியாமல் போவது இதைவிட அதிகம் நடக்கக்கூடியது. நியமனதாரர் விவரம், தரகர் பெயர் ஆகியவற்றை வீட்டில் ஒருவருக்காவது எழுதித் தருவது அவசியம். அயர்லாந்தில் பதிவாகி இலண்டன் சந்தையில் விற்கும் வான்எக் குறைகடத்தி நிதி ஒன்றும் 2020 டிசம்பர் முதல் உள்ளது. அது அமெரிக்கச் சொத்தாகக் கருதப்படுவதில்லை.

குழப்பிக்கொள்ளக் கூடாதவை

இந்தியக் குறைகடத்தித் திட்டம் வேறு, இந்நிதிகள் வேறு. மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பி.எஸ்.எம்.சி உதவியுடன் ஆலை அமைக்கிறது. சாணந்தில் மைக்ரான் சிப்களைப் பொதித்துச் சோதிக்கும் ஆலையை அமைத்தது. நாளிதழில் "இந்தியாவில் சிப் ஆலை" என்று படித்துவிட்டு அமெரிக்க நிதியை வாங்கினால், மைக்ரான் நீங்கலாக இந்தச் செய்திக்கும் அந்த யூனிட்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு. சிப் பங்குகள் என்று இங்கே பேசப்படும் இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் வருவாய் பெரும்பாலும் மோட்டார், மின் சாதனம் போன்ற பிற தொழில்களிலிருந்தே வருகிறது.

அன்றாட ஏற்றத்தை மூன்று மடங்காகத் தரும் நிதிகளும் அமெரிக்கச் சந்தையில் உள்ளன. இவை தொடக்கநிலை முதலீட்டாளருக்கு உரியவை அல்ல. குறியீடு ஒரு நாள் 100-லிருந்து 90 ஆகி மறுநாள் மீண்டும் 100 ஆனால் இழப்பில்லை. மும்மடங்கு நிதியோ முதல் நாள் 70 ஆகி, மறுநாள் சுமார் 93-இல் நிற்கும். குறியீடு ஆடிக்கொண்டே இருந்தால் போதும், இது கரையும்.

எவ்வளவு, எப்போது

அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் மகள் திருமணத்துக்கோ, வீட்டுக்கோ, மருத்துவத்துக்கோ வேண்டிய பணம் இந்நிதிக்கு உரியதன்று. ஏலச்சீட்டில் போட்ட பணம் இன்ன மாதம் இவ்வளவு வரும் என்று கணக்கிடலாம். இங்கே அப்படி முடியாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், அஞ்சலக மாத வருமானத் திட்டம் போன்றவற்றால் மாதச் செலவு உறுதியானபின், பரந்த குறியீட்டு நிதி ஒன்றும் இருக்குமானால், மிச்சத்தில் ஒரு சிறு பகுதியை இதில் வைக்கலாம். மொத்தச் சேமிப்பில் ஐந்து விழுக்காடு என்று கொண்டால், குறியீடு 2002 போல் விழுந்தாலும் மொத்தத்தில் நான்கு விழுக்காட்டளவு இழப்போடு நிற்கும். பத்து இலட்சம் வைத்திருப்பவருக்கு அது 40,000 ரூபாய். வருத்தம் தரும், வாழ்க்கையைக் குலைக்காது. ஒரே நாளில் போடாமல் ஓராண்டு, ஈராண்டுக்குப் பிரித்து வாங்குவது உச்சத்தில் மாட்டுவதைக் குறைக்கும். நன்கு ஏறி அந்த ஐந்து விழுக்காடு பத்தாகிவிட்டால், பாதியை விற்றுப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது பலர் செய்யத் தயங்கும், ஆனால் செய்யத்தக்க வேலை.

மோசடி

சிப், செயற்கை நுண்ணறிவு ஆகிய சொற்களைச் சொல்லி வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஆள் சேர்க்கும் மோசடிகள் நாடெங்கும் நடக்கின்றன. போலிச் செயலியில் இலாபம் ஏறுவதாகக் காட்டி, பணம் எடுக்க முயலும்போது "வரி கட்டுங்கள்" என்று மேலும் பணம் கேட்பது அவர்களின் வழக்கமான முறை. இ.டி.எஃப் வாங்கப் பணம் தரகு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே செல்லும். தனி நபரின் கணக்குக்கோ யு.பி.ஐ எண்ணுக்கோ ஒருபோதும் செல்லாது. இந்தியத் தரகரின் பதிவு எண்ணைச் செபி இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். யூனிட்டுகள் டீமேட் கணக்கில் வந்துள்ளனவா என்பதைத் தரகரின் செயலியில் மட்டும் பார்க்காமல், என்.எஸ்.டி.எல் அல்லது சி.டி.எஸ்.எல் அனுப்பும் மாத அறிக்கையிலும் பார்க்க வேண்டும். பணம் பறிபோனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் தர வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்கப்படும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பதிவுபெற்ற தரகர் மீதான குறைகளைச் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம்.